லிஃப்ட்காரர் கட்டிய ஹார்ப்சிகார்ட்

ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்றுதான் சொன்னார். சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக்; ‘அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்’ என்று கட்டடம் கட்டடமாகப் போய்ச் சொல்லிப் பழகிய வாய். அந்த வாய்க்கு இருபது வருஷமாக மனைவியாக இருந்தும் அவள் அதை நம்பினாள் என்றால், குற்றம் யார்மேல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆரம்பம் இப்படி. நகரத்தின் பெரிய இசையரங்கில் ஒரு நாள் சாமான் ஏற்றும் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே நீளமான ஒரு வாத்தியமும் அதை வாசிக்கும் அம்மாளும் மாட்டிக்கொண்டார்கள். லிஃப்டில் மாட்டுகிறவர்கள் வழக்கமாகக் கதவைத் தட்டுவார்கள், அழுவார்கள், தங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். இந்த அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க உட்கார்ந்துவிட்டார். மேலே மோட்டார் அறையில் இருந்த நம் மெக்கானிக்குக் கயிறு இறங்கும் துவாரம் வழியாக அந்தச் சத்தம் வந்தது. பழுது ரிலே என்கிற ஒரு சின்ன சுவிட்சில்; பத்து நிமிஷ வேலை. அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்த அம்மாள், தனக்காக இவ்வளவு நேரம் போராடிய மனுஷனுக்குக் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வேறு போனாராம். உத்தியோகத்தில் தன் புருஷன் செய்த ஒரே அயோக்கியத்தனம் அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அது பேரு ஹார்ப்சிகார்டாம். பியானோ கம்பியைச் சுத்தியால அடிக்குது இல்ல, இது இறகால சுண்டுது. முழுக்க மரம். ஒண்ணு நாமளே செஞ்சுட்டா என்ன?”

“நாமளா?”

“சரி, நான்.”

“உங்களுக்கு அதை வாசிக்கத் தெரியுமா?”

“செய்யறவன் எதுக்கு வாசிக்கணும்? நீ செய்யற பல்லை எல்லாம் நீயா வாயில போட்டுக் கடிச்சுப் பாக்கறே?”

அவள் பல் லேபில் வேலை பார்ப்பவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் பல்லாகச் செய்து திருப்பி அனுப்புவாள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலை. அவர்களில் ஒருவர்கூட அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. அரை மில்லிமீட்டர் கனத்துப் பீங்கான் உறையை உடையாமல் தேய்க்கிற கை அது. அந்தக் கைக்குப் பொருத்தமாகக் கடவுள் ஒரு நாக்கையும் கொடுத்திருந்தார். அதுவும் தேய்க்கத்தான் பயன்பட்டது, பெரும்பாலும் புருஷனை.

மகள் படிக்க வெளியூர் போன எட்டாம் நாள், அவள் அறை பட்டறையாகிவிட்டது. விடுமுறைக்கு வருவதற்கு முன் மகள் போனில் கேட்டாள், “என் கட்டில் எங்கம்மா?”

“உன் கட்டில் பத்திரமாத்தான் இருக்கு. அதும் மேல உங்கப்பா புதுசா ஒரு பிள்ளையைப் படுக்க வச்சிருக்கார். நீ ஹால்ல படுத்துக்கோ.”

அந்த அறையின் ஜன்னல் பக்கம் ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் வரிசையாகத் தொங்கின. மேஜை டிராயரில் மகளின் கணக்கு நோட்டுகள் இருந்த இடத்தில் உளிகள் படுத்திருந்தன. பசை டப்பா, உப்புத்தாள், இழைப்புளி, சீவல், தூள். தூள் எங்கும் போகும்: தலையணைக்கு, தயிருக்கு, அவளுடைய வேலைக் கண்ணாடிக்கு. தும்மினால் தூள் வருகிறது என்று அவள் லேபில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவள் தும்மிக் காட்டினாள்.

பெட்டி உருவம் எடுத்ததும் இன்னொரு தொல்லை வந்தது. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல், ஆறடிக்கு மேல் நீளம். பசை காய்வதற்காக அதை நடைக்கூடத்தில் சாய்த்து வைத்திருந்த நாளில், கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யாருக்குங்க?” என்று கேட்டார்.

“எனக்குத்தான்,” என்றாள் அவள். “அளவெல்லாம் எடுத்தாச்சு. இவர் வேலை செய்யற வேகத்தைப் பாத்துத்தான் தைரியமா இருக்கேன்.”

கீழ்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு மாதம் படியில் பார்த்தால் அவளை உடம்பு எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மாதம் ஒரு முறை சோதனை செய்து, உள்ளே தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஓடினால் ‘தகுதி’, இல்லையென்றால் ‘தகுதியில்லை’. மனிதர் தன் வாத்தியப் பெட்டிக்கும் ஓர் அட்டை மாட்டினார். மாதக் கடைசி ஞாயிறு காலை குளித்து, சட்டை மாட்டி, அறைக்குள் போய் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு ‘தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இன்னும் மூடியே செய்யப்படாத, ஒரு கம்பிகூடக் கட்டப்படாத பெட்டிக்கு இந்த மரியாதை. ஐந்து வருஷத்தில் அறுபது கையெழுத்து சேர்ந்தது. கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் ஒன்றே ஒன்று போட்டதற்குத் தான் இவ்வளவு அவஸ்தைப்படுகிறோமே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தச்சுவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மூலைகள் முகம் பார்க்கிற மாதிரி பொருந்தின. ஐம்பத்தாறு கட்டைகளையும் தானே அறுத்து, தானே தேய்த்து, ஒன்றுபோல் இறங்கி ஒன்றுபோல் எழும்பச் செய்தார். ஒவ்வொரு கட்டையின் பின்னாலும் விரல் அகலத்தில் ஒரு மரக்குச்சி நிற்கும். கட்டையை அழுத்தினால் குச்சி எழும்பும். அதன் நுனியில் செருகிய இறகுத்துண்டு கம்பியைச் சுண்டும். விரலை எடுத்தால் குச்சி கீழே இறங்கும், அதில் ஒட்டிய சின்னத் துணி கம்பியைத் தொட்டுச் சத்தத்தை நிறுத்தும். இவ்வளவுதான் ஹார்ப்சிகார்ட். இதையெல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்தார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது, அது அவருக்குச் சிக்கலாகவே தெரியவில்லை.

ஐந்தாம் வருஷக் கடைசியில் கம்பி கட்டி முடித்து, இசையரங்கு அம்மாளைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். அன்று லிஃப்டில் மாட்டியவர்தான். தன்னை மீட்ட வீரரை அவர் மறந்திருக்கவில்லை. நம்மவரும் ரிலே விஷயத்தைச் சொல்லி அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ளவில்லை. அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டார், விரல்களை ஊதிக்கொண்டார், ஒரு கட்டையை அழுத்தினார்.

டொக்.

இன்னொன்று. டொக். இரண்டு கையாலும் ஏழெட்டுக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். டொக் டொக்கென்று ஏழெட்டு.

“யாரோ கதவைத் தட்டறாங்க பாருங்க,” என்றாள் மனைவி.

அம்மாள் எழுந்து போய் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “இது என்னங்க உள்ள, இரும்பு மாதிரி?”

“இரும்புதான். ஆங்கிள்.”

“எதுக்கு?”

மெக்கானிக் இந்தக் கேள்விக்காக ஐந்து வருஷம் காத்திருந்தவர். “அம்பத்தாறு கம்பி. மொத்தமா இழுக்கறது ஐந்நூத்தி நாப்பது கிலோ. அதாவது எட்டு பேர் போற லிஃப்ட். எங்க வேலையில எட்டு பேருக்குன்னா பன்னெண்டு மடங்கு தாங்கற மாதிரி போடணும். அறுந்துதுன்னா எட்டு பேரு போச்சு.”

“இதுல எந்த எட்டு பேருங்க இருக்காங்க?”

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அம்மாள் விடவில்லை. “கம்பிக்குக் கீழ இருக்கே, இந்த ஒலிப்பலகை. எத்தனை கனம்?”

“நான் வாங்கின பிளான்ல மூணு மில்லிமீட்டர்னு போட்டிருந்துது. அச்சுப்பிழையா இருக்கும்னு ஒம்பது போட்டேன்.”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பெரிய மனுஷி, அடக்கிக்கொண்டார். அந்தப் பலகைதான் நடுங்கிச் சத்தத்தைப் பெரிதாக்க வேண்டும், அது நடுங்க வேண்டுமென்றால் மெல்லிசாக இருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் போனால் விட்டுவிடுமோ என்ற நிலைமையில் நிற்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். “இவ்வளவு பத்திரமா செஞ்சா இது பாடாதுங்க,” என்றார். லிஃப்டில் ஏறுகிற எவரும் இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படியொரு புகார் சொன்னதில்லை.

இந்த நாளுக்காக மனைவி ஐந்து வருஷக் கிண்டலைச் சேர்த்து வைத்திருந்தாள். அம்மாளை வழியனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பினால், மனிதர் பெட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். டொக். டொக். அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. சேர்த்து வைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, “காபி குடிக்கறீங்களா?” என்று கேட்டாள்.

பிரிக்க நாலு மாதம் ஆனது. ஆங்கிள்கள் பழைய இரும்புக்காரரிடம் போயின. ஒலிப்பலகையைச் சூடான கத்தியால் நெம்பி முழுசாக எடுத்தார், அதுவரை சரி. இனி அதை ஒன்பதிலிருந்து மூன்றுக்குச் சீவ வேண்டும். ஒரு வாரத்து வேலை. ஆனால் பாருங்கள், வேலை யாரிடம் வந்து மாட்டியிருக்கிறது! மாதம் ஒரு முறை இழைப்புளியை எடுப்பார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சீவுவார். அப்புறம் பலகையை இரண்டு பக்கமும் கட்டையில் தாங்க வைத்து, நடுவில் செங்கல் அடுக்கிவிடுவார். அந்த மாதம் முழுக்கச் செங்கல் இருக்கும். பலகை வளையவில்லை, விரியவில்லை என்று ஊர்ஜிதமானால் அடுத்த பத்தில் ஒரு பங்கு. அட்டையில் எழுதுவார்: ‘8.9. பாரம் தாங்கியது. தகுதியில்லை.’

அவள் கரடியாகக் கத்திப் பார்த்தாள். “பாட்டுப் பெட்டி செய்யறீங்களா, பாலம் கட்டறீங்களா?” என்றாள். அந்தக் காலத்தில் அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார்: “பாலம்னா பரவாயில்ல, உன்னை ஏத்தி சோதிச்சுடலாம்.” அந்த வீட்டில் அன்பு இப்படித்தான் பரிமாறப்பட்டது, நீங்கள் வேறு மாதிரி பரிமாறுபவராக இருக்கலாம்.

ஒன்பதாம் வருஷம் அவர் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

“அவசரமே இல்லங்க, பேரனோட பேரன் வந்து கம்பி கட்டட்டும்,” என்றால், “ஆமா ஆமா,” என்று சிரித்தார். “உங்க சுறுசுறுப்பைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு,” என்றால், “தேங்க்ஸ்மா,” என்றார். முதலில் அவள், மனுஷனுக்கு ஒருவழியாகப் பக்குவம் வந்துவிட்டது என்று எண்ணினாள். கொஞ்ச நாளில் அந்தப் பக்குவம் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாருமில்லாத வீட்டில் சண்டை போடுவதுபோல இருந்தது. பிறகு ஒரு நாள், துவைத்து முடித்த வாஷிங் மெஷின் பத்து நிமிஷமாகக் கீச் கீச்சென்று கத்த, அவர் அதன்மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு பேப்பர் படித்ததைப் பார்த்தாள். மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காது டாக்டர் ஒரு பெட்டிக்குள் அவரை உட்கார வைத்துச் சோதித்தார்.

“மோட்டார் ரூம்ல எத்தனை வருஷம்?”

“முப்பத்திரெண்டு.”

“காதுல ஏதாவது வச்சுக்கிட்டு வேலை பாப்பீங்களா?”

“பென்சில்.”

டாக்டர் சிரிக்கவில்லை. உச்சத்துச் சத்தங்கள் போய்விட்டன, மேலிருந்து கீழே இன்னும் இறங்கிக்கொண்டே வரும், இரண்டு வருஷத்தில் நிறையப் போய்விடும் என்றார். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்கும். சங்கீதத்துக்கு அது அவ்வளவாக உதவாது என்று, இவர்கள் வீட்டில் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாமலே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, “மெஷின் வச்சா ஆச்சு,” என்றார். அவள் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். பலகை இப்போது ஐந்தே கால் சில்லறை. மாதத்துக்குப் பத்தில் ஒன்று வீதம் மூன்றுக்கு வர இரண்டு வருஷம். அப்புறம் ஒட்டி, கம்பி கட்டி, சுருதி சேர்த்து, இன்னொரு வருஷத்துக்கு மேல். காது அதுவரை காத்திருக்காது. ஒரே ஒரு சத்தத்துக்காக ஒன்பது வருஷம் தூளில் கிடந்த மனுஷன், அதைக் கேட்காமலே போய்விடுவார். அவளுக்கு அந்த வாத்தியத்தின்மேல் எந்த ஆசையும் கிடையாது. ஆனாலும் பஸ் நிறுத்தம் வருவதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவரிடம் பூசி மெழுகாமல் சொல்லிப் பார்த்தாள். “ஒரேயடியா சீவிடுங்க.”

“கொஞ்சம் கூடுதலா சீவிட்டா திரும்ப ஒட்ட முடியாதும்மா.”

“காதை மட்டும் ஒட்ட முடியுமா?”

அவர் இழைப்புளியின் பிளேடைத் துடைக்கக் குனிந்துகொண்டார். இந்த முறை கேட்காததால் இல்லை. அந்த மாதமும் பத்தில் ஒரு பங்குதான் சீவினார். கை பயத்தில் அதற்கும் குறைவாகவே எடுத்தது.

மூன்று மாதம் கழித்து, புது மாதிரி லிஃப்டுகளுக்குப் பயிற்சி என்று கம்பெனி அவரை மூன்று நாள் வெளியூர் அனுப்பியது. அவர் தெருமுனை திரும்பியதும் அவள் லேபுக்குப் போன் செய்து மூன்று நாள் லீவு சொன்னாள். காரணம் கேட்டார்கள். வீட்டில் ஒரு பல் செய்ய வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பெரியது என்றாள்.

செங்கற்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். பலகையைப் போர்வைமேல் கிடத்தினாள். முதல் இழைப்பிலேயே இழை பிய்ந்து ஒரு சிலாம்பு எழும்பியது. பலகையைத் திருப்பிப் போட்டு, இழை போகிற திசையை விரலால் தடவிக் கண்டுபிடித்து, பிளேடை உள்ளே இழுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பீங்கானுக்கு இழை கிடையாது; மற்றபடி இதுவும் ஒரு பல்தான். லேபிலிருந்து கொண்டு வந்த கனமளக்கும் கவ்வியை வைத்து, பலகை முழுக்க இரண்டு விரல்கடைக்கு ஒரு தரம் அளந்து பென்சிலால் எண் எழுதினாள். சீவினாள். அளந்தாள். அழித்து எழுதினாள். முதல் நாள் முடிவில் நாலரை. இரண்டாம் நாள் மூன்றரை. முட்டியால் தட்டிப் பார்த்தபோது ஐந்தில் மேஜை மாதிரி இருந்த சத்தம் நாலில் கதவு மாதிரி ஆனது. மூன்றாம் நாள் மதியம், ஓரங்களை இன்னும் கொஞ்சம் இளைக்க வைத்துவிட்டு, பலகையை ஒரு மூலையில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கித் தட்டினாள். அறை முழுக்க ஒரு சத்தம் எழும்பி, போகாமல் நின்றது. கணுக்கால்வரை சீவலில் நின்றுகொண்டு அவள் வாய்விட்டு, “அடிப்பாவி,” என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் வந்தார். பையைக்கூட இறக்காமல் அறைக்குள் போனார். தன் வெர்னியர் அளவுகோலை எடுத்து இருபது இடத்தில் அளந்தார். முகம் சிவந்துவிட்டது.

“யாரைக் கேட்டுத் தொட்டே?”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

“இது உடைஞ்சா?”

“உடைஞ்சா உடையட்டும்! நீங்க இதைக் கேக்கணும்ங்க. கேக்காமலே போயிட்டீங்கன்னா, நான் இத்தனை வருஷம் இந்த வீட்ல தூள் தின்னதுக்கு என்ன அர்த்தம்? உங்களுக்கு அது கெடைக்கலைன்னா என்னால தாங்க முடியாது. போதுமா?”

காதில் மெஷின் இருந்தது. எல்லாம் விழுந்தது. அப்படியும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கிளாம்புகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். பலகையைப் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தார். அட்டையில் புது வரி இருந்தது: ‘3.0. பாரச் சோதனை செய்யப்படவில்லை. முழுப் பொறுப்பும் மனைவி.’

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவர் கம்பி கட்டினார், அவள் இறகு வெட்டினாள். அவளைத் தொடவிட்டது தோல்வி என்று அவர் நினைத்தாரோ என்னவோ, ‘உனக்குப் பொழுது போகலைன்னா இதை வெட்டு’ என்பதுபோல அலட்சியமாக இறகுகளை நீட்டினார். ஐம்பத்தாறும் ஒரே அளவில் வந்தபோது இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுக் கம்பி கட்டப் போய்விட்டார். இதற்குள் பேச்சுக்கே மெஷின் போதாமல், அவர் அவள் உதட்டைப் பார்த்துப் பழகத் தொடங்கியிருந்தார். பதினோராம் வருஷம் ஒரு சனிக்கிழமை இசையரங்கு அம்மாள் வந்து சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் வாசித்தார். கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு படியில் வந்து உட்கார்ந்து கேட்டார். “நல்லாப் பேசுதுங்க,” என்று அம்மாள் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் தலையை ஆட்டினார். மெஷின் வழியாக அவருக்கு அது தகர டப்பாவுக்குள் கரண்டி போட்டுக் குலுக்கியதுபோலத்தான் கேட்டது. அதை அவர் அம்மாளிடம் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் காலை அவளை அறைக்கு அழைத்தார். லிஃப்டை ஜனங்களுக்குத் திறந்துவிடும் முன் ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஒரு மாடியைக்கூட விடக் கூடாது. அது அவர் வேலையின் முதல் விதி. “அம்பத்தாறு மாடி,” என்றார். “நீ அங்க நில்லு.” காதிலிருந்து மெஷினைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.

கீழிருந்து தொடங்கினார். “ஒண்ணு.” அந்தச் சத்தம் அறைக்குள் எழும்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், அந்த மூன்று நாள் லீவு தன் வாழ்நாளிலேயே உருப்படியாகப் போட்ட லீவு என்று அவளுக்குப் பட்டது. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றையும் அது ஓயும்வரை கேட்டார். இருபது. முப்பது. முப்பத்தைந்தில் தலையைக் கம்பிப் பக்கம் சாய்த்தார். முப்பத்தேழில் காதைப் பலகையருகே கொண்டுபோனார். முப்பத்தெட்டை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், தன் விரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அடிக்குதா?”

“அடிக்குது.”

உதட்டைப் படித்தார். “சும்மா சொல்லாதே.”

“அடிக்குதுங்க.”

அதிலிருந்து அவர் கட்டைகளைப் பார்க்கவில்லை. விரல் தானாக அடுத்ததுக்கு நகர்ந்தது. கண் அவள் முகத்தில் இருந்தது. முப்பத்தொன்பது. அவள் தலையாட்டினாள். நாற்பது. ஆட்டினாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் அவளை இப்படிப் பார்த்ததில்லை. அவளும் அவரிடம் இத்தனை விஷயத்துக்குத் தொடர்ந்து ஆமாம் போட்டதில்லை. போகப் போக அவர் கண்ணில் சந்தேகம் ஏறுவது தெரிந்தது. நாற்பத்தைந்து. அவளுடைய நேரான பேச்சையே அதிகம் கேட்டிராத மனுஷன். இந்தத் தலையாட்டலை எப்படி நம்புவார்? மனசைத் தேற்றுவதற்காகத்தான் ஆட்டுகிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டால், இந்த மேல்பாதி முழுக்க அவருக்கு இல்லாமலே போய்விடும். ஐம்பது. ஆட்டினாள்.

ஐம்பத்தொன்று. டிக்.

செத்த சத்தம். குச்சியில் ஒட்டிய துணி தாழ இருந்து கம்பியை விட்டு விலகவில்லை, சுண்டியதுமே அமுக்கிவிட்டது. அவர் விரலுக்கு இறகு சுண்டியது சரியாகத்தான் தெரிந்திருக்கும். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையாட்டல் போதும், இன்னும் ஐந்து கட்டை, முடிந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. பதினோரு வருஷம் கழித்து இந்த மனுஷனிடம் இன்னொரு ‘தகுதியில்லை’யைத் தான் சொல்ல வேண்டுமா?

இல்லை என்று தலையை அசைத்தாள்.

“இல்லையா?” மறுபடி அழுத்தினார். “விரலுக்குச் சரியாதானே இருக்கு.”

“விரலுக்குச் சரிதான். சத்தம் வரல. துணி ஒட்டுது.”

அவர் அவளைப் பார்த்தபடியே நின்றார். மெதுவாக முகம் மலர்ந்தது. முதல் கட்டைக்குக்கூட அப்படி மலரவில்லை.

“அப்போ மத்த அம்பதும்?”

“அம்பதும் அடிச்சுது.”

“முப்பத்தெட்டுலேருந்து மேல வந்ததும்?”

“எல்லாம். ஒவ்வொண்ணும்.”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. “நீ கடைசிவரைக்கும் ஆட்டிட்டே வருவேன்னு நெனச்சேன்,” என்றார்.

“ஆட்டலாம்னுதான் பாத்தேன்,” என்றாள் அவள். அவளுக்கும் குரல் சரியாக வரவில்லை. நல்லவேளை, அவருக்கு அது தெரியாது.

அவர் ஐம்பத்தொன்றின் குச்சியை மேலே உருவி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, துணியை ஒரு நகக்கண் அளவு மேலே தள்ளி, திரும்ப இறக்கினார். அழுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சத்தம் முழுசாகத் தேய்ந்து நிற்கும்வரை கேட்டுவிட்டு அவள் தலையாட்டினாள்.

“அம்பத்திரெண்டு,” என்றார் அவர்.